ரீஃபண்ட் வரவேண்டியிருக்கும்போது கிரெடிட் கார்டு பில்லை எப்படிக் கட்டுவது: முழுமையான வழிகாட்டி

2023 ஜூன் 20 அன்று கிரெடிட் கார்டில் 24,000 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். வீட்டில் இறக்கிப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்த டிரம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மாற்று இயந்திரம் கையிருப்பில் இல்லை என்று சொல்லி அலைக்கழித்த கடை, ஒருவழியாக ஜூலை மூன்றாம் வாரம் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஜூலை 24 அன்று, "உங்கள் ரீஃபண்ட் தொடங்கப்பட்டுவிட்டது, ஐந்து முதல் ஏழு வேலை நாட்களில் கணக்கில் வரும்" என்று குறுஞ்செய்தி வந்தது.

இதற்கிடையே ஜூலை 15 அன்றே என் பில் வந்துவிட்டது. வாஷிங் மெஷினுக்கு 24,000, ஜூன் 28 அன்று வாங்கிய மளிகைக்கும் மருந்துக்கும் 6,000, ஆக மொத்தம் 30,000 ரூபாய். பணம் கட்டக் கடைசி நாள் ஆகஸ்ட் 4. திரும்பிப் போன பொருளுக்கு எதற்குப் பணம் கட்டுவது என்று நினைத்து, ஆகஸ்ட் 3 அன்று 6,000 ரூபாய் மட்டும் கட்டினேன். ரீஃபண்ட் ஆகஸ்ட் 9 அன்றுதான் கார்டில் ஏறியது. அடுத்த பில்லில் 24,000.00 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வரவு என்பதைக் குறிக்கும் 'சி.ஆர்.' என்ற எழுத்துகள் இருந்தன. அதற்குக் கீழே இரண்டு வரிகள்: வட்டி 1,629.37 ரூபாய், அதன் மீது ஜி.எஸ்.டி. 293.29 ரூபாய். என் வீட்டில் இல்லாத ஒரு பொருளுக்கு 1,922 ரூபாய் 66 காசு கட்டினேன்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதைப் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்த பிறகுதான், ரீஃபண்டும் பில்லும் இரண்டு தனித்தனிப் பாதையில் ஓடுபவை என்பது எனக்குப் புரிந்தது. நம்மில் பலர் இதே இடத்தில்தான் பணத்தை இழக்கிறோம் என்பதால், ஒவ்வொரு படியாக இங்கே விளக்குகிறேன். விதிகள் இந்திய ரிசர்வ் வங்கியின் வரம்புக்குள் வரும் கார்டுகளுக்கு உரியவை.

முதல் படி: வரவேண்டியது உண்மையில் ரீஃபண்ட்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ரீஃபண்ட் என்றே சொல்லிவிடுகிறோம். வங்கிக்கு அவை வெவ்வேறு. ஓட்டல் அறைக்கோ பெட்ரோலுக்கோ முதலில் ஒரு தொகையைப் பிடித்துவைத்து, பிறகு வசூலிக்காமலேயே விட்டுவிட்டால், அந்தத் தொகை பில்லில் ஏறுவதே இல்லை. சில நாட்களில் உங்கள் கடன் வரம்பு மட்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். அங்கே வட்டிக் கேள்வியே எழாது.

பணம் பிடிக்கப்பட்டு, ஆனால் கடையில் ரசீது வராமல் போனால் அது தோல்வியுற்ற பரிவர்த்தனை. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை பொருந்தும். கார்டுப் பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் தொகையைத் தானாகத் திருப்ப வேண்டும் என்றும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

மூன்றாவதுதான் உண்மையான ரீஃபண்ட்: விற்பனை முடிந்து, பில்லிலும் ஏறி, பிறகு பொருளைத் திருப்பியதாலோ டிக்கெட்டை ரத்து செய்ததாலோ விற்பனையாளர் தானாக அனுப்பும் பணம். இந்த வழிகாட்டி பெரும்பாலும் இதைப் பற்றியதே. விற்பனையாளர் மறுத்து, வங்கியின் வழியாகப் போராடி வாங்கினால் அது சார்ஜ்பேக். அதைப் பின்னால் தொட்டுச் செல்கிறேன்.

இங்கே இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ரீஃபண்ட் கார்டுக்கே வருகிறதா, அல்லது நிறுவனத்தின் வாலட்டுக்கோ கடை வரவாகவோ போகிறதா? "உடனடி ரீஃபண்ட்" என்ற பொத்தானை அவசரத்தில் அழுத்தினால் பணம் பெரும்பாலும் வாலட்டுக்குத்தான் போகும். அப்படிப் போனால் கார்டு பில்லில் ஒரு ரூபாயும் குறையாது. முழுத் தொகையையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இரண்டாம் படி: மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு காகிதத்தில் மூன்று தேதிகளை எழுதுங்கள்: பில் தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி, ரீஃபண்ட் கார்டில் வரவு வைக்கப்பட்ட தேதி. முதல் இரண்டும் ஸ்டேட்மென்டின் மேற்பகுதியிலேயே இருக்கும். மூன்றாவதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கடை அனுப்பும் குறுஞ்செய்தியில் இருப்பது, கடை தன் பக்கத்தில் பொத்தானை அழுத்திய தேதி. அந்தப் பணம் கடையின் வங்கி, கார்டு நெட்வொர்க், உங்கள் வங்கி என்று மூன்று கை மாறி வந்து சேர வேண்டும். வட்டிக் கணக்குக்கு உங்கள் வங்கி வரவு வைத்த தேதி ஒன்றுதான் செல்லும். என் விஷயத்தில் ஜூலை 24-க்கும் ஆகஸ்ட் 9-க்கும் இடையே இருந்த 16 நாட்களில்தான் கடைசித் தேதி வந்து போனது.

குறுஞ்செய்தியில் சொன்ன நாட்கள் கடந்தும் பணம் வராவிட்டால், கடையிடம் ஏ.ஆர்.என். எனப்படும் 23 இலக்க எண்ணைக் கேளுங்கள். ரீஃபண்டை உண்மையிலேயே அனுப்பியிருந்தால் இந்த எண் அவர்களிடம் இருக்கும். இதைக் கொடுத்தால் உங்கள் வங்கி அந்தப் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்க்க முடியும். எண்ணைத் தர முடியாமல் மழுப்பினால், ரீஃபண்ட் இன்னும் கிளம்பவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த வேலைக்கு உங்கள் கார்டின் சி.வி.வி.யோ ஓ.டி.பி.யோ யாருக்கும் தேவைப்படாது. ரீஃபண்ட் தருகிறோம் என்று சொல்லி அவற்றைக் கேட்பவர் மோசடிக்காரர்.

மூன்றாம் படி: ரீஃபண்ட் எந்த இடைவெளியில் விழுகிறது என்று பாருங்கள்

பில் தேதிக்கு முன்பே ரீஃபண்ட் வந்துவிட்டால் கவலை இல்லை. வாங்கியதும் திருப்பியதும் கூட்டிக் கழிக்கப்பட்டு, மீதித் தொகைதான் பில்லில் மொத்த நிலுவையாக வரும். அச்சிட்டிருக்கும் தொகையை அப்படியே கட்டுங்கள். சென்ற மாதமே பணம் கட்டி முடித்த பொருளுக்கு இந்த மாதம் ரீஃபண்ட் வந்தால், பில்லின் மொத்தம் கழித்தல் குறியுடனோ சி.ஆர். என்ற குறியுடனோ வரக்கூடும். அது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய பணம். அதைக் கடன் என்று நினைத்து மறுபடி பணம் கட்டிய பெரியவர்களை எனக்குத் தெரியும்.

பில் தேதிக்குப் பின், கடைசித் தேதிக்கு முன் ரீஃபண்ட் வரும்போதுதான் குழப்பம் அதிகம். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த கிரெடிட் கார்டு நெறிமுறைகள் இதில் தெளிவாகவே பேசுகின்றன: நீங்கள் இன்னும் பணம் கட்டாத ஒரு பரிவர்த்தனைக்கு, கடைசித் தேதிக்கு முன் ரீஃபண்ட் வந்தால், அதைக் கட்ட வேண்டிய தொகையில் உடனடியாகக் கழித்து, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அதாவது, என் 24,000 ரூபாய் ஜூலை 26 அன்று வந்திருந்தால், மீதி 6,000-ஐ மட்டும் கட்டியது போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் இங்கே கொஞ்சம் நின்று நிதானிக்கச் சொல்வேன். பில் என்பது ஒருமுறை அச்சானால் மாறாத காகிதம். செயலியின் முகப்பில் பழைய 30,000 அப்படியே நிற்கும். நிலுவை என்று இன்னொரு மூலையில் குறைந்த தொகை காட்டும். ஆட்டோ பே போட்டிருந்தால் பழைய தொகை முழுவதுமே வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படலாம். ஆகவே குறைத்துக் கட்டுவதற்கு முன், வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, "இன்ன தேதியில் வரவான இன்ன தொகை இந்தப் பில்லில் கழிக்கப்பட்டதா, கடைசித் தேதிக்குள் நான் கட்ட வேண்டிய சரியான தொகை எவ்வளவு" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் யாரோ ஒருவர் "கழிந்துவிடும் சார்" என்று சொன்னதை நம்பிக் குறைத்துக் கட்டாதீர்கள். பிறகு அதை நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கடைசித் தேதி வரை ரீஃபண்ட் வராவிட்டால், பில்லில் உள்ள முழுத் தொகையையும் கட்டுங்கள். இந்த ஒரு வரியை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எனக்கு 1,922 ரூபாய் மிஞ்சியிருக்கும். வரவேண்டிய பணம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், கணக்கில் ஏறாதவரை அது பில்லைக் குறைக்காது.

நான்காம் படி: குறைத்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகப் பாருங்கள்

கிரெடிட் கார்டின் வட்டியில்லாக் காலம் என்பது, பில் தொகை முழுவதையும் கடைசித் தேதிக்குள் கட்டுபவருக்கு மட்டுமே கிடைப்பது. கொஞ்சம் பாக்கி வைத்தாலும் அது கைவிட்டுப் போகும். வட்டி கடைசித் தேதியிலிருந்து ஓடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை, நீங்கள் பொருள் வாங்கிய தேதிக்கே பின்னோக்கிப் போய் அங்கிருந்து ஓடுகிறது.

என் கார்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42 சதவீதம். 24,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 27 ரூபாய் 62 காசு. ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 9 வரை 50 நாட்கள். அதற்கு வட்டி 1,380.82 ரூபாய். ஒழுங்காகக் கட்டிய 6,000 ரூபாய்க்கும் விதிவிலக்கு இல்லை: ஜூன் 28 முதல் ஆகஸ்ட் 3 வரை 36 நாட்களுக்கு 248.55 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,629.37. வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 293.29. ரீஃபண்ட் கடைசித் தேதியைத் தாண்டித் தாமதமானது வெறும் ஐந்து நாட்கள். வட்டியோ ஐம்பது நாட்களுக்கு.

இது மட்டுமல்ல. பாக்கி நிற்கும் காலத்தில் புதிதாக வாங்கும் பொருட்களுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த நாட்களில் நான் கார்டைத் தேய்க்காமல் இருந்தது தற்செயல்தான். இல்லாவிட்டால் கணக்கு இன்னும் நீண்டிருக்கும்.

முன்பே பாக்கி வைத்து, மாதாமாதம் வட்டி கட்டிவருபவருக்கு நிலைமை வேறு. அவருக்கு ரீஃபண்ட் வந்த நாளிலிருந்து, அந்தத் தொகை அளவுக்கு வட்டி ஓடுவது நிற்கும். பாக்கித் தொகைக்கு, கட்டிய பணத்தையும் ரீஃபண்டையும் கழித்த பிறகே வட்டி போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் வாங்கிய நாளுக்கும் ரீஃபண்ட் வந்த நாளுக்கும் இடையே ஏறிய வட்டி தானாகத் திரும்பி வராது. பொருளைத் திருப்பிவிட்டோம், ஆகவே வட்டியும் போய்விடும் என்று எண்ணிவிடக் கூடாது. கடையின் தவறால் தாமதமானது என்று ஆதாரத்துடன் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம், சலுகையாகத் திருப்பித் தருவது வங்கியின் விருப்பம்.

ஐந்தாம் படி: மினிமம் ட்யூவைத் தனியாகக் கவனியுங்கள்

கையில் முழுத் தொகையும் இல்லாதவர் என்ன செய்வது? கடைசித் தேதிக்குள் இவ்வளவாவது கட்ட வேண்டும் என்று பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையான மினிமம் ட்யூவையாவது உங்கள் பணத்திலிருந்து கட்டிவிடுங்கள். பெரிய ரீஃபண்ட் வந்துவிட்டது, அதுவே மினிமம் ட்யூவைவிடப் பல மடங்கு, ஆகவே கட்ட வேண்டியதில்லை என்று விட்டுவிடுவது ஆபத்து. வாடிக்கையாளர் கட்டும் பணத்தையும் கடையிலிருந்து வரும் வரவையும் வங்கியின் கணினி வெவ்வேறு வகையாகப் பதிந்துகொள்கிறது. ரீஃபண்டை நீங்கள் கட்டிய பணமாக எடுத்துக்கொள்ளாமல் தாமதக் கட்டணம் விதித்துவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதைத் திரும்ப வாங்க நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். கடைசித் தேதியைத் தாண்டி மூன்று நாட்களுக்கு மேல் கட்டாமல் இருந்தால்தான் தாமதக் கட்டணமும், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தகவலும் போக வேண்டும் என்பது விதி. அந்த மூன்று நாட்களைத் தவறைச் சரிசெய்யும் கடைசி வாய்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

மினிமம் ட்யூ கட்டினால் தாமதக் கட்டணம்தான் தப்பும், வட்டி தப்பாது. அன்று நான் கட்டிய 6,000 ரூபாய் என் மினிமம் ட்யூவைவிட அதிகம்தான். வட்டி வரத்தான் செய்தது.

ஆறாம் படி: முழுத் தொகையும் கட்டிய பிறகு வந்த ரீஃபண்டைக் கேட்டு வாங்குங்கள்

நான் சொன்னபடி 30,000-ஐயும் கட்டிவிட்டீர்கள், பிறகு 24,000 வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கார்டில் உங்கள் பணம் 24,000 ரூபாய் கிடக்கிறது. அதற்கு வங்கி வட்டி தராது. வருங்காலச் செலவுகளில் அது கழிந்துகொண்டே போகும் என்று விட்டுவிடலாம். பெரிய தொகையை அப்படி முடக்கி வைக்க வேண்டியதில்லை.

இதற்கும் விதி இருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டிய பரிவர்த்தனைக்கு வரும் ரீஃபண்ட், கடன் வரம்பின் ஒரு சதவீதம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால், அதைக் கார்டிலேயே வைத்துக்கொள்ள வங்கி உங்கள் சம்மதத்தை ஏழு நாட்களுக்குள் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கேட்க வேண்டும். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். இரண்டு லட்சம் ரூபாய் வரம்புள்ள கார்டில் ஒரு சதவீதம் 2,000 ரூபாய்; ஆகவே 24,000-க்குச் சம்மதம் கேட்டே ஆக வேண்டும். தொகை எவ்வளவு சிறியதானாலும், நீங்களாகவே எழுதிக் கேட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும். இந்த உரிமை இருப்பது தெரிந்தால், கடைசித் தேதியில் முழுத் தொகையும் கட்டத் தயங்க வேண்டியதில்லை. பணம் சில நாட்கள் வெளியே இருக்கும், அவ்வளவுதான்.

கார்டை மூடிய பின் ரீஃபண்ட் வந்தாலும் பயப்பட வேண்டாம். மூடிய கணக்கில் வரவு நின்றால் அதையும் உங்கள் வங்கிக் கணக்குக்கே மாற்ற வேண்டும். ஆயினும், ஒரு ரீஃபண்ட் வரவேண்டியிருக்கும்போது கார்டை மூடாமல் இருப்பதே நல்லது. தேடி அலையும் வேலை மிச்சம்.

ஏழாம் படி: தனிக் கவனம் வேண்டிய சில ரீஃபண்டுகள்

இ.எம்.ஐ.யில் வாங்கிய பொருளைத் திருப்பினால் இ.எம்.ஐ. தானாக நிற்கும் என்று எண்ணாதீர்கள். கடை முழுத் தொகையையும் கார்டில் வரவு வைத்திருக்கும். மறுபக்கம் கடன் தவணை மாதாமாதம் பில்லில் ஏறிக்கொண்டே இருக்கும். ரீஃபண்ட் வந்த அன்றே வங்கியை அழைத்து, அந்த இ.எம்.ஐ.யை ரத்து செய்யச் சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ஏறிய வட்டியும் பிராசஸிங் கட்டணமும் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை.

வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியதை ரத்து செய்தால், திரும்பி வரும் ரூபாய் ரீஃபண்ட் அன்றைய மாற்று விகிதப்படி இருக்கும். வெளிநாட்டு நாணயச் செலவுக்காக வங்கி கூடுதலாக எடுத்த மார்க்கப் கட்டணம் பல நேரங்களில் திரும்பாது. ரயில் டிக்கெட் போன்றவற்றில் ரத்துக் கட்டணமும் சேவைக் கட்டணமும் கழிந்த தொகைதான் வரும் என்பதால், கட்டியதும் வந்ததும் ஒரே எண்ணாக இருக்காது. பில்லில் ரீஃபண்டைத் தேடும்போது முழுத் தொகையைத் தேடி, வரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தச் செலவுக்குக் கிடைத்த ரிவார்டு புள்ளிகளும் கழிக்கப்படும்; அது முறையானதே.

எட்டாம் படி: தவறாக வட்டி போட்டிருந்தால் எழுத்தில் கேளுங்கள்

ரீஃபண்ட் கடைசித் தேதிக்கு முன்பே வரவாகியும் அதைக் கழிக்காமல் வட்டி போட்டிருந்தால், அது நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய பணம் இல்லை. மின்னஞ்சலில் நான்கு விவரங்கள் போதும்: பில் தேதி, வாங்கிய தேதியும் தொகையும், ரீஃபண்ட் வரவான தேதியும் தொகையும், நீங்கள் கட்டிய தேதியும் தொகையும். இரண்டு ஸ்டேட்மென்டுகளையும் இணைத்து, ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு நெறிமுறைகளின்படி ரீஃபண்டைக் கழித்து வட்டியையும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யையும் திருப்பித் தருமாறு கேளுங்கள். ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் குறிப்பிடுங்கள். வட்டியை மட்டும் திருப்பிவிட்டு வரியை அப்படியே விட்டுவிடுவது உண்டு. நீங்கள் ஆட்சேபித்த பில்லுக்கு 30 நாட்களுக்குள் விளக்கமும், தேவையான இடத்தில் ஆதாரமும் வங்கி தர வேண்டும்.

கடை ரீஃபண்டே தர மறுத்தால், அந்தப் பரிவர்த்தனையை வங்கியிடம் எழுதிக்கொடுத்து சார்ஜ்பேக் கோருங்கள். மோசடி என்று நீங்கள் புகார் செய்த பரிவர்த்தனைக்கு, விசாரணை முடியும்வரை கட்டணம் எதுவும் விதிக்கக் கூடாது. பொருள் சரியில்லை, சொன்ன பொருள் வரவில்லை என்ற வகைச் சச்சரவுகள் மோசடி என்பதில் அடங்கா. ஆகவே வங்கி எழுத்தில் வேறு விதமாகச் சொன்னாலொழிய பில்லைக் கட்டிக்கொண்டே வழக்கை நடத்துவதுதான் பாதுகாப்பு.

30 நாட்கள் கடந்தும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் சி.எம்.எஸ். எனப்படும் அதன் புகார் இணையதளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வழி தெரியாதவர்கள் 14448 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதலில் வங்கிக்கு எழுதியதற்கான ஆதாரம் அங்கே கட்டாயம் தேவைப்படும் என்பதால், அந்த மின்னஞ்சலையும் ரீஃபண்ட் வரவான வரி உள்ள ஸ்டேட்மென்டையும் வழக்கு முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.